தட்டை நிலத்துக்கு 800 சிசி போதும்

யாழ்ப்பாணத்தில் முதன்முதலாகக் கார் வாங்க நினைக்கிற பலர் சுசுகி அல்டோவைப் பார்த்துவிட்டு "இழுவை காணாதாம்" என்று பின்வாங்குகிறார்கள். அந்தப் பேச்சு மலைநாட்டுக்குச் சரி. கடுகண்ணாவ ஏற்றத்தில் நாலு பேரை ஏற்றி, ஏசியும் போட்டுக்கொண்டு போனால் அல்டோவின் 796 சிசி இஞ்சின் திணறத்தான் செய்யும். பருத்தித்துறையிலிருந்து யாழ் ரவுணுக்கு வர என்ன ஏற்றம் இருக்கிறது?

1979இல் ஜப்பானில் முதல் அல்டோ வந்தபோது, பயணிகள் காருக்கு இருந்த வரியிலிருந்து தப்புவதற்காகவே சுசுகி அதை வர்த்தக வாகனமாகச் செய்தது. பின் சீற் பெயருக்குத்தான், விலை 470,000 யென். இரண்டாம் தலைமுறை அல்டோவின் உடம்புதான் 1986இல் இந்தியாவில் மாருதி 800 ஆனது (1983இல் வந்த முதல் மாருதி வேறு உருவம்), ஆகவே எங்கள் ஊரில் பழைய மாருதி வைத்திருப்பவரும் ஒருவகையில் அல்டோதான் ஓடுகிறார். அல்டோ என்ற பெயரோடேயே இந்தியாவில் 2000இல் வந்தது. மாருதி 800இல் இருந்த அதே 796 சிசி, மூன்று சிலிண்டர், ஆனால் சிலிண்டருக்கு நாலு வால்வு. அப்புறம் 2010இல் 998 சிசி இஞ்சினோடு அல்டோ கே10, 2012இல் புது உடம்போடு அல்டோ 800.

என் விருப்பம் 2012க்கு முந்திய சாதாரண அல்டோதான். 4.6 மீற்றர் ஆரையில் திரும்பும். இரண்டு பக்கமும் மதில் நெருங்கின ஒழுங்கையில் எதிரே ஓட்டோ வந்தால், கொஞ்சம் பின்னுக்கு எடுத்து யாருடைய படலையடியிலாவது ஒதுங்கிவிடலாம். பொனற்றைத் திறந்தால் இஞ்சினைச் சுற்றிக் கை போக இடம் இருக்கும், சின்னக் கராச்சிலும் வேலை தெரியும்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் எனக்கு மனம் ஒப்பவில்லை. 2014இல், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை அளக்கும் குளோபல் என்கேப் அமைப்பின் சோதனையில் காற்றுப்பை இல்லாத அல்டோ 800க்கு ஒரு நட்சத்திரமும் கிடைக்கவில்லை. ஊருக்குள் ஓட இது நல்ல கார், ஆனால் ஏ9 நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு அடிக்கடி கொழும்பு போய் வருபவர்கள் காற்றுப்பை உள்ள வேறொன்றைப் பாருங்கள்.

2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் திரும்பத் தொடங்கியது, அந்த இடைவெளியில் பழைய அல்டோவுக்கும் விலை ஏறியது, அதனால் கவனமாக வாங்குங்கள். பெயின்ற் பளபளப்பில் மயங்காமல் கால்மிதியைத் தூக்கித் தளத்தகட்டைப் பாருங்கள், கடற்கரைப் பக்கம் ஓடிய காரென்றால் உப்புக்காற்றில் துரு ஏறியிருக்கும். நிற்கும்போது லேசாக நடுங்குவது மூன்று சிலிண்டரின் இயல்பு. ஸ்டியரிங்கே ஆடினால் இஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்கை மாற்றவேண்டி வரும், அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.