தேரார் வீதியில் ஒரு பல்லாண்டு

மார்கழித் திருவாதிரைக்கு முந்தின நாள். விடிந்தும் விடியாத நேரத்தில் சிதம்பரம் கீழ வீதியில் நானும் என் அத்தையும் நின்றிருந்தோம். விநாயகர், முருகர், நடராஜர், சிவகாமியம்மை, சண்டிகேசுவரர் என ஐந்து தேர்கள். மற்ற ஊர்களில் தேரில் வருவது உற்சவமூர்த்தி. தில்லை என்னும் சிதம்பரத்திலோ சிற்சபையில் ஆடும் மூலவரே இறங்கி வந்து தேரேறுகிறார். ஆனியில் ஒரு முறை, மார்கழியில் ஒரு முறை. இந்த இரண்டு நாள்களில் அவரைப் பார்க்க நாம் உள்ளே போக வேண்டியதில்லை; நம் வீதிக்கு அவர் வருகிறார்.

தேருக்கு முன்னால் பெண்கள் வீதியைக் கூட்டி, நீர் தெளித்து, கோலமிட்டுக்கொண்டே போனார்கள். தேர் ஏறி வந்தால் அந்தக் கோலம் அழிந்துவிடும் என்று தெரிந்தும் ஒருவரும் அவசரமாக இழைக்கவில்லை. அவர்களை ஒட்டி அடியார் கூட்டமொன்று சைவப் பாடல் தொகுப்பான திருமுறையைப் பாடிக்கொண்டு வந்தது.

"ஆரார் வந்தார் அமரர் குழாத்தில் அணியுடை ஆதிரைநாள்" என்று அவர்கள் எடுத்ததும் எனக்கு மெய்சிலிர்த்தது. சேந்தனாரின் திருப்பல்லாண்டு. எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் பஞ்சபுராணம் ஓதும்போது தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா முடிந்து, பெரியபுராணத்துக்கு முன்னால் ஓதுவார் இதிலிருந்து ஒரு பாட்டுப் பாடுவார். பெரும்பாலும் "பாலுக்குப் பாலகன்" பாட்டாகத்தான் இருக்கும். பதின்மூன்று பாடல்களும் எனக்கு மனப்பாடம். ஆனால், ஆதிரைநாள் பாட்டின் மூன்றாம் அடியில் வரும் "தேரார் வீதியில்" என்ற சொல்லை வெறும் அலங்காரம் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். பாட்டில் இருக்கும் நாளுக்கு முந்தின நாளில், பாட்டில் இருக்கும் வீதியிலேயே நின்று கேட்டபோதுதான், எதிரே கண்டதைச் சேந்தனார் அப்படியே பாடியிருக்கிறார் என்று புரிந்தது.

இந்தப் பாட்டு பிறந்த கதையை வழிநெடுக அத்தை சொல்லிக்கொண்டு வந்தார். சேந்தனார் விறகு விற்றுப் பிழைத்தவர். நாள்தோறும் ஓர் அடியாருக்காவது அன்னமிட்ட பிறகே உண்பவர். ஒரு நாள் அடைமழை. விறகு நனைந்துபோய் விலைபோகவில்லை. வீட்டிலிருந்த மாவைக் களியாகக் கிண்டிக் காத்திருந்தார். முதிய அடியாராக இறைவனே வந்து உண்டார். மறுநாள் காலையில் தில்லைக் கருவறை திறந்தபோது உள்ளே களி சிந்திக் கிடந்ததாம். அப்போது நாட்டை ஆண்டவர் கண்டராதித்த சோழர் என்பார்கள். அந்த ஆண்டுத் திருவாதிரையில் தேர் சேற்றில் அழுந்தி, யார் இழுத்தும் அசையவில்லை. "சேந்தா, பல்லாண்டு பாடு" என்று அசரீரி கேட்டது. "மன்னுக தில்லை வளர்கநம் பத்தர்கள்" என்று அவர் தொடங்க, தேர் நகர்ந்தது.

பல்லாண்டு பாடும் மரபு சேந்தனாருக்கு முன்பே உண்டு. மதுரையில் யானைமீது அமர்ந்து பெருமாளுக்குப் பெரியாழ்வார் பன்னிரண்டு பாசுரம் பாடினார். காக்கும் கடவுளையே நெடுங்காலம் வாழ்க என்று வாழ்த்துவது நம் மண்ணுக்கே உரிய வாஞ்சை. சேந்தனாரிடத்தில் அது ஊர்கூடிச் செய்யும் காரியமாகிறது. பாட்டுக்குப் பாட்டு "பல்லாண்டு கூறுதுமே" என்றே முடிக்கிறார். "திங்களைப் போற்றுதும்" என்று இளங்கோவடிகள் சொன்ன அதே "தும்". கூறுவேன் என்றல்ல, கூறுவோம். இரண்டாம் பாட்டில் "மெய்யடியார்கள் விரைந்து வம்மின்" என்று அழைத்து, "குழாம் புகுந்து" ஆட்செய்யச் சொல்கிறார். தனியாக ஒருவர் நகர்த்த முடியாத தேருக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு ஏது? ஒன்பதாம் திருமுறையின் 301 பாடல்களில் கடைசிப் பதின்மூன்றும் இவைதான். அந்தத் திருமுறையில் கண்டராதித்தரின் திருவிசைப்பாவும் இருக்கிறது. களிக் கதையில் அரசரும் விறகு விற்றவரும். ஏட்டில் இருவருக்கும் ஒரே வரிசை.

தெற்கு வீதி திரும்பும் இடத்தில் தேர் நின்றுவிட்டது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டார்கள். வடத்தைப் பிடித்தவர்கள் மூச்சு வாங்கினார்கள். எனக்கு முன்னால் முறுக்கேறிக் கிடந்த வடத்தில் ஈரம் கோத்திருந்தது. நான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விலகப் பார்த்தேன்.

"தொட்டுவிட்டு நகராதே அப்பா, பிடித்து இழு" என்றார் அத்தை. எழுபது வயதைத் தாண்டியவர், எனக்கு முன்னே குனிந்து வடத்தைப் பற்றினார். பின்னாலிருந்து "மன்னுக தில்லை" என்று குரல் எழுந்தது. இந்த முறை நாங்களும் சேர்ந்துகொண்டோம். "கூறுதுமே" என்று முடிகிற இடத்தில் வடம் விறைத்தது. கால்கள் தாமாக நடந்தன.

மாலையில் தேர் நிலைக்கு வந்தது. விடியற்கால அபிஷேகத்துக்காகச் சுவாமியை ஆயிரங்கால் மண்டபத்துக்கு எழுந்தருளச் செய்தார்கள். கூட்டம் சற்றுக் குறைந்ததும் அத்தை திண்ணையொன்றில் அமர்ந்து உள்ளங்கையை விரித்தார். சிவந்திருந்த தோலில் வடத்தின் நார் இரண்டு இழை ஒட்டியிருந்தது. தட்டிவிடுவார் என்று நினைத்தேன். மெல்லப் பிரித்தெடுத்து, திருநீற்றுப் பொட்டலத்தோடு சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டார்.