பதினோரு கிலோ கெண்டையும் ஒரு டாக்சிக்காரரும்

குளிர்காலத்தில் இங்கிலாந்தில் கெண்டை பிடிக்க எப்படிப் போவது, என்ன செலவாகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த டாக்சிக்காரர் மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை, தண்டவாள வேலை, ரயில் கிடையாது. பதிலுக்கு விட்ட பேருந்து லண்டன் ஹாரோவிலிருந்து ஊரெல்லாம் சுற்றி, நகரத்துக்கு வெளியே இருக்கும் ரிக்மன்ஸ்வர்த் சேர்வதற்குள் நன்றாக விடிந்துவிட்டது. அங்கிருந்து ஏரிக்கு இரண்டு மைல்கூட இருக்காது. 18 பவுண்டு! தூண்டில் பையைக் காட்டி, சாமான் பெரிது என்று தனியாக ஒரு தொகை வேறு சேர்த்துக்கொண்டார்.

ஏரிக் கட்டணம் இன்னொரு எரிச்சல். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை 15 பவுண்டு. ஜூனில் வந்தால் அதே காசுக்குப் பதினாறு மணி நேரம் உட்காரலாம். ஜனவரியில் எட்டு மணி நேரம் வெளிச்சம் இருந்தாலே பெரிது. தள்ளுபடி உண்டா என்று கேட்டேன், சிரித்தார்கள்.

ஏரி என்கிறார்களே தவிர, அது கட்டடங்களுக்குச் சரளைக்கல் தோண்டிய பழைய குழி. கோல்ன் பள்ளத்தாக்கில் இப்படித் தண்ணீர் நிறைந்த குழிகள் நிறைய. கரையோரம் மெல்லிய பனிக்கட்டி படிந்திருந்தது. இந்தக் குளிரில் கெண்டையின் உடம்பும் தண்ணீரோடு சேர்ந்து குளிர்ந்துவிடும். செரிமானம் மந்தம், பசி குறைவு, நகரக்கூட மனசு வராது. அதனால் கோடையில் வாளி வாளியாகக் கொட்டுகிற இரையை இப்போது கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நாங்கள் போட்டது வெள்ளைப் புழு. இரையை முள்ளில் குத்தாமல், முள்ளுக்குக் கீழே மயிரிழை மாதிரி ஒரு நூலில் தொங்கவிடுகிறார்கள். கெண்டை இரையை உறிஞ்சிப் பார்த்துத் துப்பும்போது வெறும் முள் உதட்டில் மாட்டிக்கொள்ளும். கில்லாடி வேலை!

மதியம்வரை ஒன்றும் அசையவில்லை. கூட வந்த யாழ்ப்பாண நண்பன் பாணும் (அவர்கள் ஊரில் ரொட்டிக்கு அதுதான் பெயர்) சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தான். விரல் மரத்துப்போன குளிரில் அந்தக் காரம் உள்ளே இறங்கியதே, அதற்கு எத்தனை பவுண்டு வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஏரிக் கடையில் ஒரு தேநீருக்குக் கேட்ட விலையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

வாயில் பாதிப் பாணோடு இருக்கும்போது, மீன் இழுத்தால் கத்தும் தூண்டில் அலாரம் ஒரே ஒரு தடவை ‘பீப்’ என்றது. அப்புறம் அமைதி. தூண்டிலைத் தூக்கினேன்; கல்லில் மாட்டியது போல் கனத்தது. பிறகு அந்தக் கல் மெதுவாக நடக்க ஆரம்பித்தது. “அவசரப்படாதை மச்சான், ஓட விடு!” என்று நண்பன் கத்துகிறான். தூண்டில் நரம்பு கிறீச்சிட்டுக்கொண்டே போகிறது, கை நடுங்குகிறது, குளிர் போன இடம் தெரியவில்லை. வலைக்குள் வந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

கண்ணாடிக் கெண்டை! உடம்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காசு அகலச் செதில்கள், மற்ற இடமெல்லாம் வழவழ தோல். தராசு 24 பவுண்டு காட்டியது, கிட்டத்தட்ட 11 கிலோ. இந்த இனத்தை 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். ஊட்டிப் பக்கம் பார்த்தவர்களுக்கு முகம் பழக்கமாக இருக்கும்.

நனைத்த மெத்தையில் கிடத்தி, முள் குத்திய இடத்தில் மருந்து தடவி, ஒரு படம் எடுத்துக்கொண்டு ஏரியிலேயே விட்டுவிட வேண்டும். அதுதான் அங்கே விதி. அம்மாவிடம் போனில் சொன்னபோது, “தலையையாவது கொண்டு வந்திருக்கக் கூடாதா?” என்றார்.

சரி, போகிறவர்களுக்கு: 13 வயதானாலே அரசின் தூண்டில் உரிமம் வேண்டும், இணையத்திலேயே வாங்கலாம். ஏரிக் கட்டணம் அதில் சேராது. ஞாயிறு போகாதீர்கள். விரல்நுனி திறந்த கையுறை வாங்குங்கள். முழுதாக மூடியதைப் போட்டுக்கொண்டு முள் கட்டவே முடியாது.