பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பேர்

லண்டன் பக்கம் ஹாரோவில் இருக்கிற என் தங்கை மகளுக்குப் போன வருடம் ஜூரியில், அதாவது வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில், உட்காரச் சொல்லிக் கடிதம் வந்தது. வேலைக்கு இரண்டு வாரம் லீவு சொல்லிவிட்டுப் போனாள். ஜூரி அறைக்குள் பேசியதை வெளியே சொல்வது அங்கே குற்றம். அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னாள்: "பெரியம்மா, பன்னிரண்டு பேர்ல அஞ்சு பேர் நம்ம மாதிரி ஆளுங்க." போனை வைத்த பிறகு அடுப்படியிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். மாமா ஞாபகம் வந்துவிட்டது.

அம்மாவின் அண்ணன் தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பனில், கோர்ட் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். தமிழ், தெலுங்கு இரண்டும். நான் பிற்பாடு அதே வேலைக்குப் போனதற்கு அவர்தான் காரணம். 1950களில் அவர் பார்த்த ஜூரியில் ஒன்பது பேர் இருப்பார்கள். ஒன்பது பேரும் வெள்ளைக்கார ஆண்கள். குற்றம் சாட்டப்பட்டவர் கரும்புத் தோட்டத்து இந்தியராக இருந்தாலும் சரி, ஜூலுவாக இருந்தாலும் சரி, அந்த ஒன்பது நாற்காலியில் மாற்றமே கிடையாது. மாமா ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார். மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் கூண்டில் நின்று தமிழில் சொல்லி அழுகிறாள். ஜூரி பார்ப்பதோ மாமாவின் முகத்தை. ஆங்கிலம் வருவது அங்கிருந்துதானே. "அழுதது அவள், அவங்க பார்த்தது என்னை" என்பார். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் குரல் தாழ்ந்துவிடும்.

அதனால் 1969ல் தென்னாப்பிரிக்க நாடாளுமன்றம் ஜூரி முறையை ஒழித்தபோது எங்கள் வீட்டில் யாரும் வருத்தப்படவில்லை. ஜூரி வேண்டாம், நீதிபதியே விசாரிக்கட்டும் என்று கேட்கும் உரிமை 1917லிருந்தே இருந்தது. எங்கள் ஆட்களுக்கு வக்கீல்கள் சொன்ன புத்தியும் பெரும்பாலும் அதுதான் என்று மாமா சொல்லியிருக்கிறார்.

இப்போது இங்கிலாந்தில் அந்தப் பேச்சு வந்திருக்கிறது. பெரிய குற்ற வழக்குகள் போகும் கிரௌன் கோர்ட்டில் தேங்கிக் கிடக்கும் வழக்குகள் 2025 கடைசியில் 80,000ஐத் தொடப் போயின. பாதிக்கப்பட்டவர்கள் வருடக்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள். இதற்கு வழி சொல்லும்படி ஓய்வுபெற்ற நீதிபதி பிரையன் லெவ்சனிடம் அரசு பொறுப்பைக் கொடுத்தது. 2025 ஜூலையில் அவர் அறிக்கை வந்தது. அதே டிசம்பரில் நீதி அமைச்சர் டேவிட் லாமி அரசின் திட்டத்தை அறிவித்தார்: மூன்றாண்டோ அதற்குக் குறைவாகவோ தண்டனை கிடைக்கக்கூடிய வழக்குகளுக்கு ஜூரி கிடையாது. கொலை, பாலியல் வல்லுறவு போன்றவற்றுக்கு ஜூரி தொடரும். அதுமுதல் நாடாளுமன்றத்தில் இதைத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். அந்த விவாதங்களை இங்கே என் வீட்டில் உட்கார்ந்தபடி இணையத்தில் பார்க்கிறேன். ஆளும் லேபர் கட்சி உறுப்பினர்களே எழுந்து தங்கள் அமைச்சரைக் கேள்வி கேட்கிறார்கள். இதே லாமி 2017ல் சிறுபான்மையினரும் குற்றவியல் நீதியும் பற்றி ஓர் ஆய்வறிக்கை தந்தவர். நிறம் பார்க்காமல் தீர்ப்பு சொல்லும் இடம் ஜூரிதான் என்று அதில் அவரே எழுதியிருந்தார்.

ஜூரி இருக்க வேண்டுமா, போகலாமா என்றுதான் எல்லோரும் வாதாடுகிறார்கள். என் மனது கிடந்து அடித்துக்கொள்வது வேறொன்றுக்காக. லெவ்சன் ஜூரிக்குப் பதிலாகச் சொன்னது ஒரு நீதிபதி, அவர் பக்கத்தில் இரண்டு மாஜிஸ்ட்ரேட்டுகள். அங்கே மாஜிஸ்ட்ரேட் என்றால் பெரும்பாலும் சம்பளம் வாங்காத, சட்டம் படிக்காத ஊர் ஆட்கள். அரசு அறிவித்த திட்டத்தில் அந்த இரண்டு பேரையும் காணோம். நீதிபதி தனியாக உட்காருவார். விவாதத்தில் இந்த இடத்தை ரொம்ப வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

எங்கள் நாட்டில் ஜூரி போனது, ஆனால் நாற்காலிகள் எல்லாமே போய்விடவில்லை. உயர் நீதிமன்றத்தில் பெரிய வழக்கு என்றால் நீதிபதி இரண்டு அசெசர்களை, அதாவது பக்கத்தில் உட்கார்ந்து வழக்கைக் கேட்கும் துணை ஆட்களை, உடன் வைத்துக்கொள்ளலாம். சட்டம் பற்றிய கேள்வி நீதிபதிக்கு மட்டும். நடந்தது என்ன என்பதில் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு ஓட்டு. இரண்டு அசெசர்களும் ஒரு பக்கம் நின்றால் நீதிபதி தோற்றுப்போவார். 2014ல் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் வழக்கை டிவியில் பார்த்தவர்களுக்கு நீதிபதி மசிபாவின் இருபுறமும் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் நினைவிருக்கலாம். அதற்குக் கீழே வட்டார நீதிமன்றத்தில் கொலை வழக்கு நடந்தால் என் காலத்தில் இரண்டு அசெசர்கள் இருந்தே ஆக வேண்டும் என்று இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவரே வேண்டாம் என்று சொன்னால்தான் அப்போது விதிவிலக்கு. இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்கக் கூடாது. அசெசர் இல்லாமல் நடந்த ஒரு கொலை வழக்கின் தீர்ப்பை 2016ல் ப்ளூம்ஃபொண்டெயின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்தே செய்தது.

அந்த இரண்டு பேரால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். 1998. எந்த ஊர் கோர்ட் என்பது வேண்டாம். அந்தக் காலத்திலேயே எனக்கு வந்தது முக்கால்வாசி ஜூலு வழக்குகள். தமிழ் ஆண்டுக்கு ஒன்றிரண்டுதான். அன்று கூண்டில் எண்பது வயதுக்கு மேல் ஒரு ஆயா. பேரன் மேல் கொலைக் குற்றம். ராத்திரி வீட்டு வாசலில் சண்டை, பக்கத்து வீட்டுப் பையன் கத்திக் குத்துப்பட்டு இறந்துபோனான். அடுப்படியில் இருந்தது ஆயா ஒருத்திதான் என்பதால் அரசுத் தரப்பே அவளைச் சாட்சியாக அழைத்திருந்தது.

"சத்தம் கேட்டதும் உங்கள் பேரன் என்ன செய்தான்?"

"உள்ள வந்தான். கத்திய எடுத்தான். அப்புறம் வெளிய போனான்."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் சொன்னேன். அரசு வக்கீல் தலையாட்டினார். மாஜிஸ்ட்ரேட் (எங்கள் நாட்டில் அவர் சட்டம் படித்த நீதிபதி) குனிந்து எழுதிக்கொண்டார். கத்தியை எடுத்தான், வெளியே போனான். பையனுக்காக வந்த வக்கீல் அன்று காலையில்தான் வழக்குக் காகிதங்களையே பார்த்தவர், கேள்வி எதுவும் இல்லை என்றார். ஆயாவைக் கூண்டிலிருந்து இறங்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு கை கட்டையைப் பிடித்தபடி அவள் ஒரு படி இறங்கியும் விட்டாள்.

இடது பக்கத்து அசெசர் ஓய்வுபெற்ற பள்ளி வாத்தியார். மாஜிஸ்ட்ரேட் பக்கம் சாய்ந்து மெதுவாக ஏதோ கேட்டார், அவரும் சரி என்றார். வாத்தியார் ஆயாவைப் பார்த்து, "எடுத்த கத்தியை எங்கே வைத்தான்?" என்றார். நான் தமிழில் கேட்டேன்.

ஆயா, இது கூடவா தெரியாது என்பது போல என்னைப் பார்த்தாள். "அரிசிப் பானைக்குப் பின்னால வெச்சான். சின்னவன் கைக்குப் போயிரக் கூடாதுன்னுதான எடுத்தான்."

எடுத்தான்! கையில் தூக்கிக்கொண்டாலும் எடுத்தான்தான், அங்கிருந்து அகற்றி வைத்தாலும் எடுத்தான்தான். தாய்ப்பாலோடு வந்த மொழி, இருபது வருட அனுபவம், இருந்தும் அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. உறைத்திருந்தால் இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கிறது என்று கோர்ட்டுக்குச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். மாஜிஸ்ட்ரேட்டையும் குறை சொல்ல மாட்டேன். எழுதுவது, சாட்சியைக் கவனிப்பது, வக்கீல்களைக் கட்டுப்படுத்துவது எல்லாம் அவர் ஒருவர் தலையில். வாத்தியாருக்கு அந்த வேலை எதுவும் இல்லை. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அவர் வேலை. முப்பது வருடம் பிள்ளைகளிடம் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டே பழகியவர். வழக்கில் வேறு ஓட்டைகளும் இருந்தன. கடைசியில் பையன் விடுதலையானான்.

நீதிபதி தனியாக விசாரித்தால் தீர்ப்புக்கான காரணத்தை எழுதித் தருவார், ஜூரி அதைச் செய்வதில்லை என்று இங்கிலாந்தில் அமைச்சர்கள் சொல்கிறார்கள். நல்ல விஷயம்தான், எங்கள் நாட்டிலும் அப்படித்தான். மேல்முறையீட்டுக்குப் பெரிய உதவி. ஆனால் அன்று அந்த வாத்தியார் வாயைத் திறந்திருக்காவிட்டால், எழுதிய காரணங்களில் அரிசிப் பானை இருந்திருக்காது. கத்தியை எடுத்தான், வெளியே போனான் என்பது மட்டும் இருந்திருக்கும். மேல் கோர்ட்டும் அதைத்தான் படித்திருக்கும்.

தேக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. வாய்தா வாய்தாவென்று தள்ளிப் போட்டு, சாட்சி ஊரை விட்டே போனதையும் ஞாபகம் மங்கிப் போனதையும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூன்று வருடம் காத்திருக்கும் ஒரு பெண்ணிடம் போய் ஜூரியின் பெருமையைப் பேச எனக்கு வாய் வராது. சரி, வேகம் வேண்டும். அதற்காக அந்த இரண்டு நாற்காலியையும் எடுத்துவிடாதீர்கள். மூன்று ஆண்டு ஜெயில் சின்ன தண்டனையே இல்லை. வேலை போகும், வீடு போகும், வெளியில் இருந்து வந்து குடியேறியவராக இருந்தால் அந்த நாடே போய்விடலாம். இங்கிலாந்து நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஒவ்வொரு பிரிவாக எடுத்துத் திருத்தம் வைக்கும்போது, லெவ்சன் எழுதியதையே திருப்பி வைத்தாலும் எனக்குப் போதும்.

தங்கை மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். "பெரியம்மா, இந்தக் கத்திக் கதையை இங்கிலீஷ்ல எழுதிக் கொடுங்க, எங்க தொகுதி எம்பிக்கு அனுப்பறேன்" என்றாள். நேற்று ராத்திரி உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். 'எடுத்தான்' என்ற சொல்லை மட்டும் மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.