குமிழி கரையும் வரை

அக்டோபர் 21
வலது கண்ணில் விழித்திரை அறுவை. உள்ளே ஒரு வாயுக் குமிழி வைத்திருக்கிறார்கள். ஐம்பது நிமிடம் குப்புற, பத்து நிமிடம் எழுந்திருக்கலாம். அந்தப் பத்தில்தான் இதை எழுதுகிறேன், இடது கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு.

அக்டோபர் 22
இவர் வேலைக்குக் கிளம்புமுன், என் முகத்துக்கு நேர் கீழே தரையில் ஒரு தபால் அட்டையை வைத்துவிட்டுப் போனார். "வெறும் தரையைப் பார்ப்பதற்கு இதையாவது பாரேன்."

காத்தரீனா சக்ரேதோ பார்பரீகோ. வெனிஸ் நகரத்துப் பிரபு வீட்டுப் பெண். கறுப்பு முக்கோணத் தொப்பியை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். வரைந்தது அதே வெனிசின் பெண் ஓவியர் ரொசால்பா கர்ரியேரா, பேஸ்டலில், 1740க்குச் சற்று முன். அசல் நாங்கள் இருக்கும் இதே ஜெர்மன் நகரம் ட்ரெஸ்டனில், டிராமில் போகிற தூரத்துக் காட்சியகத்தில் இருக்கிறது.

அக்டோபர் 23
தூக்கமில்லை.

அக்டோபர் 25
தும்மக் கூடாது. குனிந்து எதையும் தூக்கக் கூடாது. தலையை வெடுக்கென்று திருப்பக் கூடாது. நேற்று இருமல் வந்தபோது உயிரே போய்விட்டது.

அட்டையில் இருப்பவளும் அப்படித்தான் இருக்கிறாள். பேஸ்டல் என்பது என்ன? வண்ணப்பொடி, சுண்ணாம்பு, ஒட்டியும் ஒட்டாமலும் கொஞ்சம் பசை. காகிதத்தில் தேய்த்து, விரலால் இழைத்து, மேலே கண்ணாடி போட்டுவிடுவார்கள். சட்டத்தைத் தட்டினால் கன்னம் உதிரும். வெளிச்சம் அதிகமானால் நிறம் போகும். இப்படிப்பட்டதை வெனிசிலிருந்து இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள்! அப்போது இந்தச் சாக்சனிப் பகுதியை ஆண்ட மூன்றாம் அகஸ்டஸுக்கு ரொசால்பா என்றால் பைத்தியம். 150க்கும் மேல் சேர்த்து, அவற்றுக்கென்றே ஓர் அறை வைத்திருந்தார். இன்று மிஞ்சியிருப்பது எழுபதுக்குச் சற்று மேல். அப்படியும் உலகத்தில் வேறெங்கும் இத்தனை கிடையாது.

வண்டியில் வரும்போது எத்தனை பொடி உதிர்ந்திருக்கும் என்று இரவு முழுக்க யோசித்தேன். உதிர்ந்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

அக்டோபர் 27
அம்மா போன். "எனக்கு இருபது நிமிஷத்துல முடிஞ்சுது. மறுநாள் ரசம் வச்சேன். நீ ஏண்டி இன்னும் படுத்துக் கிடக்கே?"

"அது கண்புரைம்மா. இது விழித்திரை."

"எல்லாம் கண்ணுதானே."

ரொசால்பாவுக்கும் கண்புரைதான். 1749இல் அறுவை செய்துகொண்டாள். கொஞ்ச நாள் பார்வை வந்தது, பிறகு போனது போனதுதான். 1757இல் பார்வையில்லாமலே இறந்தாள். கோகெய்ன் சொட்டு விட்டால் கண் மரத்துப்போகும் என்று மருத்துவர்கள் கண்டதே 1884இல். அப்படியானால் அந்த அறுவை எப்படி நடந்திருக்கும்? இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 28
திங்கள். காட்சியகம் விடுமுறை. திறந்திருந்தாலும் நான் போகப்போவதில்லை. ஆனாலும் எரிச்சல்.

அக்டோபர் 31
தீபாவளி. தலையில் தண்ணீர் படக் கூடாது, எண்ணெய்க் குளியல் இல்லை. கையில் பச்சைப் பட்டை: விமானம் ஏறக் கூடாது. மேலே போகப் போகக் கண்ணுக்குள் இருக்கும் வாயு விரியுமாம். அப்பா திதி டிசம்பர் 2. அதற்குள் கரைந்துவிடுமா?

நவம்பர் 5
ரொசால்பாவும் நாட்குறிப்பு எழுதியவள்! 1720, 21இல் பாரீசில் இருந்தபோது. பத்து வயதுப் பையனாக இருந்த அரசன் பதினைந்தாம் லூயியை வரைந்தாள், அங்கே ஓவிய அகாடமியில் சேர்த்துக்கொண்டார்கள், ஊரே அவள் வாசலில் நின்றது. குறிப்போ யார் வந்தார், எங்கே போனேன், எவ்வளவு வந்தது என்ற ரகம். புலம்பலே இல்லை.

அப்படியே நானும்: இன்று குமிழி பாதிக்குக் கீழே.

நவம்பர் 9
காட்சியகத்துக்குப் போயே விட்டேன். செப்டம்பரில் பாலம் இடிந்ததிலிருந்து டிராம் சுற்றிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் கண்ணுக்குள் தண்ணீர் மட்டம் போல ஒரு கோடு ஆடியது. ரஃபேலின் மாதா முன்னால் வழக்கம்போலக் கூட்டம். இவள் இருந்த இடத்தில் மங்கல் வெளிச்சம், நான் மட்டும்.

இடது கண்ணை மூடினேன். கோட்டுக்குக் கீழே கழுத்து, தோள் எல்லாம் நீருக்குள். மேலே முகம் தெரிந்தது. தொப்பி சாய்ந்திருந்தது. சரி, அது சாய்ந்த தொப்பிதானே? ஆனால் இவ்வளவா? வலது, இடது, வலது என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். காவலர் வந்து தள்ளி நிற்கச் சொன்னார். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு படத்தின் மேல் விழப்போகிறவளைப் பார்த்தால் யாரும் சொல்வார்கள்.

கோணலைச் சோதிக்கச் சாய்ந்த தொப்பிதானா கிடைத்தது எனக்கு.

நவம்பர் 14
இன்று இவளைப் பிடிக்கவில்லை. அந்த உதட்டோரச் சிரிப்பு. கலிலியோவின் நண்பன் பிறந்த குடும்பமாம், கால்வாய்க் கரையில் மாளிகையாம். வரைந்தவளுக்குக் கண் போயிற்று, இவள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அட்டையைக் கவிழ்த்து வைத்தேன்.

நவம்பர் 15
நிமிர்த்தி வைத்தேன்.

நவம்பர் 19
ஜன்னல் சட்டம் நடுவில் வளைந்திருக்கிறது. பழைய வீடு, அப்படித்தான் இருக்கும் என்றேன். இவர் ஒன்றும் சொல்லாமல் நூலில் வீட்டுச் சாவியைக் கட்டிச் சட்டத்தோரமாகத் தொங்கவிட்டார். சாவி ஆடி நின்றது.

நூலும் வளைந்திருந்தது.

நவம்பர் 21
குமிழி மிளகு அளவு. குனிந்தால் நடுவுக்கு வருகிறது. அம்மாவிடம் டிக்கெட் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 24
நாளை எட்டரைக்கு ஸ்கேன். அட்டையைப் பையில் போட்டுக்கொண்டேன். நூலையும்.