ஃபுட் ஸ்டாம்ப் அப்பீல் கேட்டு முடிவெழுதும் வேலை

அமெரிக்காவில் ஒரு மாநில அரசில் ஹியரிங் ஆபீசராக இருக்கிறேன். ஊரில் சொன்னால் "ஜட்ஜா?" என்கிறார்கள். இல்லை, அங்கியும் கிடையாது, சுத்தியலும் கிடையாது, பெரும்பாலான நாட்களில் எதிரே ஆளே கிடையாது. ஒரு ஹெட்செட், ஒரு ரெக்கார்டிங் பட்டன், கம்ப்யூட்டரில் ஐம்பது அறுபது பக்கக் கோப்பு, அவ்வளவுதான். ஃபுட் ஸ்டாம்ப் (வருமானம் குறைந்த குடும்பங்கள் உணவு வாங்க அரசு தரும் உதவி, இப்போதைய பெயர் ஸ்னாப்), மெடிக்கெய்ட் (அவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) போன்ற உதவிகளை, அவற்றைக் கொடுக்கும் அரசு அலுவலகம் நிறுத்திவிட்டாலோ குறைத்துவிட்டாலோ மறுத்துவிட்டாலோ அந்தக் குடும்பம் அப்பீல் போடும், அது என்னிடம் வரும். அந்த முடிவை எடுத்ததில் எனக்கு எந்தப் பங்கும் இருந்திருக்கக் கூடாது என்பதுதான் முதல் நிபந்தனை.

இந்த ஏற்பாடு யாரும் மனமிரங்கிக் கொடுத்ததில்லை. நியூயார்க்கில் உதவித்தொகை நிறுத்தப்பட்டவர்கள் போட்ட கோல்ட்பர்க் எதிர் கெல்லி வழக்கில், 1970இல் உச்ச நீதிமன்றம், நிறுத்துவதற்கு முன்பே அவர்கள் தரப்பை நேரில் கேட்க வேண்டும் என்றது. வேலையில் சேர்ந்தபோது பயிற்சியில் முதலில் படிக்கக் கொடுத்தது அந்தத் தீர்ப்பைத்தான்.

நடைமுறையில் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஆட்களை அடையாளம் தெரியக்கூடாது என்பதால் நாலைந்து கேஸ்களை ஒன்றாகக் கலந்திருக்கிறேன். உணவகச் சமையலறையில் இரவு வேலை பார்க்கும் ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருமான விவரம் எழுதித் தரும் ரிப்போர்ட்டோடு சம்பளச் சீட்டு தரவில்லை என்று ஃபுட் ஸ்டாம்பை நிறுத்திவிட்டார்கள். அவர் சொல்வது, அலுவலக வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டேன். அலுவலகம் சொல்வது, வரவில்லை. சத்தியப் பிரமாணம் ஆனதும் அலுவலகப் பிரதிநிதி திரையில் இருக்கும் குறிப்புகளை வாசிக்கிறார். அவர் அந்தக் கேஸைப் பார்த்தவர் அல்ல, பார்த்த கேஸ் வொர்க்கர் வேறு பிரிவுக்குப் போய்விட்டார் (எப்போதும் போயிருப்பார்). பெட்டியில் விழுவதை யார் எடுப்பார்கள், எடுத்ததற்குப் பதிவேடு உண்டா, ஸ்கேன் ஆக எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். தெரியாது என்றார். அந்த அம்மாவின் போனில், பெட்டியில் போடும் முன் எடுத்த சம்பளச் சீட்டுப் படங்கள் இருந்தன, தேதியோடு.

இதில் யார் பாவம் என்பது என் கேள்வியே இல்லை. கொடுத்துக்கொண்டிருந்ததை நிறுத்தினால் ஏன் நிறுத்தினோம் என்று காட்ட வேண்டியது அலுவலகம், புதிதாகக் கேட்பவராக இருந்தால் தகுதியைக் காட்ட வேண்டியது அவர். அதைவிடப் பெரிய ஓட்டை, உதவியை நிறுத்துவதாக அவருக்கு அனுப்பிய நோட்டீஸில் இருந்தது. "தேவையான தகவல் தரப்படவில்லை" என்று மட்டும் போட்டிருந்தார்கள். எந்தத் தகவல் என்று சொல்லாவிட்டால் அவர் எதைக் கொண்டுவந்து சரிசெய்வார்? அலுவலகத்தின் முடிவை ரத்து செய்தேன். அலுவலகம் தோற்கும் கேஸ்களில் நிறைய இப்படித்தான் தோற்கின்றன. நோட்டீஸ் எழுதுவதற்கு இன்னும் பத்து நிமிடம் செலவழித்திருந்தால் என் வரைக்கும் வந்திருக்காது.

ஒருமுறை தமிழ் பேசும் ஒரு பெரியவர் வந்தார். அவர் சொல்வது எனக்கு நேராகவே புரிகிறது, ஆனாலும் போனில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும், ஏனென்றால் பதிவில் ஏறுவது அதுதான். "நீங்க தமிழா தம்பி?" என்று நடுவில் கேட்டுவிட்டார். ஆமாம் ஐயா என்றுமட்டும் சொல்லி, அதையும் இரு தரப்புக்கும் ஆங்கிலத்தில் சொல்லி, ஆட்சேபம் உண்டா என்று கேட்டு, அப்புறம்தான் தொடர்ந்தேன்.

மனசுக்குப் பிடிக்காத கேஸ் எது என்றால் அதிகப்பணம் திரும்பக் கேட்கும் கேஸ்தான். குடும்பம் புது வேலையைப் பற்றி ஒழுங்காகச் சொல்லியிருக்கும், அலுவலகம் அதைக் கணக்கில் ஏற்றாமல் மாதக்கணக்கில் கூடுதலாகக் கொடுத்திருக்கும், பிறகு மொத்தத்தையும் திருப்பிக் கட்டு என்று கடிதம் போகும். "தப்பு அவங்களுது, நான் ஏன் கட்டணும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஃபுட் ஸ்டாம்பைப் பொறுத்தவரை தவறு அலுவலகத்துடையது என்றாலும் வசூலிக்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி, அதை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. நான் செய்யக்கூடியது கணக்கை மாதம் மாதமாகத் திருப்பிப் போட்டுப் பார்ப்பது, வாடகைக் கழிவை விட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது. அதில் தொகை குறைந்த கேஸ்கள் உண்டு. இன்னும் உதவி வாங்கிக்கொண்டிருப்பவரிடம் இந்த மாதிரிக் கடனுக்கு மாதம் 10 சதவீதம் அல்லது 10 டாலர், இதில் எது அதிகமோ அதைப் பிடிப்பார்கள். மூன்று ஆண்டுக்குள் கட்ட முடியாத நிலை என்றால் தொகையைக் குறைக்க அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் கேட்காமல் யாரும் குறைப்பதாக நான் பார்த்ததில்லை. அதனால் ஹியரிங்கிலேயே இதை எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.

வேண்டுமென்றே ஏமாற்றினார் என்ற குற்றச்சாட்டு வேறு வகை. அங்கே அலுவலகம் தெளிவான, நம்பத்தகுந்த ஆதாரம் காட்ட வேண்டும், எதிராளி பேசாமல் இருக்கவும் உரிமை உண்டு. நிரூபணமானால் முதல் தடவை பொதுவாக 12 மாதம், இரண்டாவது 24 மாதம், மூன்றாவது ஆயுள் முழுக்க அந்த ஒருவருக்கு மட்டும் தடை, வீட்டில் மற்றவர்களுக்கு இல்லை. படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டதையே ஏமாற்று என்று கொண்டுவந்தால் எனக்கு எரிச்சலாக இருக்கும். மறதிக்கும் மோசடிக்கும் வித்தியாசம் காட்ட வேண்டியது அவர்கள் வேலை.

ஹியரிங் ஒரு மணி நேரம், எழுதுவது ஒரு நாள். ஸ்னாப் அப்பீல் போட்ட 60 நாளுக்குள் முடிவு போயாக வேண்டும், அதனால் அடுத்தடுத்து வந்துகொண்டே இருக்கும். நான் எழுதும் முதல் பத்தியில் ஜெயித்தாரா தோற்றாரா, இனி என்ன நடக்கும் என்பதைச் சொல்லிவிடுவேன், சட்டப் பிரிவுகள் எல்லாம் கீழே. மேலதிகாரி ஒருவருக்கு இது பிடிக்கவில்லை, மரபு அப்படி இல்லையாம். இருக்கட்டும்.

உங்களுக்கோ தெரிந்தவருக்கோ இப்படி நோட்டீஸ் வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். ஸ்னாப்பில் அப்பீல் போட 90 நாள் இருக்கிறது, ஆனால் நோட்டீஸில் குறித்திருக்கும் முன்னறிவிப்புக் கெடு முடிவதற்குள் போட்டால் முடிவு வரும்வரை பழைய தொகை தொடரும் (தோற்றால் அந்தப் பணமும் கடனாகிவிடும், யோசித்துச் செய்யுங்கள்). உங்கள் கோப்பை ஹியரிங்குக்கு முன்பே பார்க்க உரிமை உண்டு, கேட்டு வாங்குங்கள். குறித்த நேரத்தில் போனை எடுங்கள், தெரியாத எண் என்று வெட்டிவிடாதீர்கள். வராதவர்களின் அப்பீலைத் தள்ளுபடி செய்வதுதான் என் வேலையில் அடிக்கடி நடப்பது. ஆஸ்பத்திரியில் இருந்தேன், கடிதம் பழைய முகவரிக்குப் போய்விட்டது என்று தக்க காரணம் இருந்தால் உடனே எழுதிப் போடுங்கள், திரும்பவும் தேதி கொடுப்போம்.