சின்ன போட்டோ போகுது, பெரிய போட்டோவுக்கு மட்டும் கார்ஸ் எர்ரர்

நேத்து ராத்திரி பதினொன்றரைக்கு கிளையன்ட் வாட்ஸ்அப்ல ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புறாரு, கன்சோல் முழுக்க சிவப்பு, அக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஆரிஜின் ஹெடரே இல்லையாம். (கார்ஸ்ங்கிறது வேற ஆரிஜின், அதாவது வேற முகவரில இருக்குற சர்வர், அனுப்புற பதிலை நம்ம பக்கம் படிக்கலாமான்னு பிரவுசர் பார்க்குற விதி; படிக்கலாம்னு சர்வர் சொல்றது இந்த ஹெடர்ல தான்.) அந்த ஹெடரை என்ஜின்எக்ஸ்ல (எங்க வெப் சர்வர்) என் கையால போட்டு மூணு மாசம் ஆச்சு, லாகின் ஓடுது, லிஸ்ட் வருது, போட்டோ அப்லோட் மட்டும் அடி வாங்குது, அதுலயும் சிலது போகுது சிலது போகல.

போஸ்ட்மேன்ல (பிரவுசர் இல்லாம ரிக்வெஸ்ட் அனுப்பிப் பார்க்குற டூல்) அடிச்சேன், ஜம்முனு போச்சு. அது போகத்தான் செய்யும், கார்ஸைப் பார்த்து தடுக்குறது பிரவுசர் தானே, போஸ்ட்மேனுக்கு அதப் பத்தி கவலையே கிடையாது. போதாக்குறைக்கு நான் அனுப்பினது 40 கேபி லோகோ 🤦

பிரவுசர் முன்கூட்டியே அனுமதி கேட்டு அனுப்புற ஆப்ஷன்ஸ் ரிக்வெஸ்ட்டைப் பார்த்தா 204 (ஓகேன்னு அர்த்தம்), எல்லா ஹெடரும் பக்காவா இருக்கு. அப்புறம் எதுக்குடா ஃபைலைக் கொண்டுபோற போஸ்ட் ரிக்வெஸ்ட்ல மட்டும் காணோம்னு ஒரு மணி நேரம், எந்த ஆரிஜினை விடலாம்னு எழுதி வெச்ச மேப் பிளாக்கையே நோண்டிட்டு இருந்தேன். (அந்த ஹெடர்ல ஸ்டார், அதாவது எல்லா ஆரிஜினும் ஓகேன்னு, போட்டா வேலை முடிஞ்சுதேன்னு கேக்காதீங்க, குக்கியோட அனுப்புற ரிக்வெஸ்ட்டுக்கு ஸ்டாரை பிரவுசர் ஏத்துக்காது. வர்ற ஆரிஜினை அப்படியே திருப்பி அனுப்புற காப்பி பேஸ்ட் கன்ஃபிக் ஒண்ணு சுத்துதே, குக்கியையும் அலவ் பண்ணிட்டு அதைப் போடுறதுக்கு கதவுல பூட்டே போடாம இருக்கலாம்.)

கடைசில அக்சஸ் லாகைத் திறந்தா 413, 413, 413னு வரிசையா நிக்குது. அதாவது ஃபைல் பெருசு. என்ஜின்எக்ஸ்ல கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் நாம எதுவும் சொல்லலன்னா 1 எம்பி தான், இப்போ போன்ல எடுக்குற போட்டோவே அசால்ட்டா 4 எம்பி வருது. ஆப்ஷன்ஸ்ல பாடியே (ஃபைல் போற பகுதி) கிடையாது, அதனால அது மட்டும் சமத்தா பாஸாகிடுது.

சரி, 413ன்னா 413ன்னு சொல்ல வேண்டியதுதானே, ஏன் கார்ஸ்னு கத்துது? என்ஜின்எக்ஸ்ல ஹெடர் சேக்குற ஆட்_ஹெடர் வரியை சும்மா போட்டா 200, 204, 301, 304 மாதிரி சில கோடுகளுக்குத் தான் ஹெடர் ஒட்டும், 413 மாதிரி 4xx, 5xx எர்ரர் கோடு வந்தா ஒட்டாது. வரிக் கடைசில ஆல்வேஸ்னு ஒரு வார்த்தை சேக்கணும், 1.7.5 வெர்ஷன்லேர்ந்தே இருக்கு, நான் தான் போடல. ஹெடர் இல்லாம வந்த எர்ரரை பிரவுசர் நம்ம ஜாவாஸ்கிரிப்ட் கண்ணுல காட்டாது, கார்ஸ்னு மட்டும் சொல்லிட்டு போயிடும்.

ஆல்வேஸ் சேத்தேன், லிமிட்டை 10 எம்பி ஆக்கினேன். அதோட நிறுத்தியிருக்கணும், அப்லோட் லொகேஷன்ல (அப்லோட் முகவரிக்குன்னு இருக்குற கன்ஃபிக் பகுதி) கேஷ்-கன்ட்ரோலுக்கும் ஒரு ஆட்_ஹெடர் போட்டேன் பாருங்க, உள்ள ஒரு ஆட்_ஹெடர் இருந்தா மேல சர்வர் பிளாக்ல இருக்குற எந்த ஆட்_ஹெடரும் கீழ இறங்காது, மறுபடி சிவப்பு. கார்ஸ் வரிகளை தனி ஃபைல்ல வெச்சு ரெண்டு இடத்துலயும் இன்க்ளூட் பண்ணிட்டுப் படுக்கும்போது மணி ரெண்டு.

காலைல அதே ஆள், இன்னொரு ஸ்க்ரீன்ஷாட், 14 எம்பி ஃபைலாம். ஆனா இந்த தடவை ஸ்க்ரீன்ல "ஃபைல் ரொம்ப பெருசு"ன்னு நாங்க எழுதின மெசேஜ் தான் வந்திருக்கு.