டேங்க் தண்ணியும் தெற்குத் தீவும்

நியூசிலாந்து போய் வந்தோம் என்று சொன்னால் எங்கள் மதுரை நாராயணபுரத்தில் யாரும் மலையைப் பற்றிக் கேட்பதில்லை. "வண்டிக்குள்ளயே கக்கூஸாமே, நாறாதா?" என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதனால் ஏரி, பனிமலை, போட்டோ எல்லாம் அப்புறம். முதலில் தண்ணீர்க் கணக்கு. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற மோட்டார்ஹோம் வண்டிப் பயணத்தில் முக்கால்வாசி அந்தக் கணக்குதான்.

போனது நான், வீட்டுக்காரர், மகன், மாமா, அத்தை. மாமா பொதுப்பணித் துறையில் பெரியாறு பிரதான வாய்க்கால் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற தண்ணீரைக் கண்டால் "எத்தனை கனஅடி இருக்கும்" என்று முணுமுணுக்காமல் நகர மாட்டார். அத்தைக்கு மூட்டு வலி, மூன்று வேளையும் சோறும் ரசமும் வேண்டும், ராத்திரி பல தடவை எழுந்திருக்க வேண்டும். இவர்களைக் கூட்டிக்கொண்டு தினம் ஒரு ஹோட்டல், தினம் ஒரு மாடிப்படி என்று பெட்டி தூக்குவதைவிட வீட்டையே ஓட்டிக்கொண்டு போவது மேல் என்று முடிவு செய்தோம். காசு மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஐந்து பேருக்கு வாடகைக் கார், இரண்டு அறை, வெளியில் சாப்பாடு என்று கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கிறது. இரண்டு பேர் மட்டும் போவதென்றால் நான் காரைத்தான் சொல்வேன். வயசானவர்களோ சின்னப் பிள்ளைகளோ கூட இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மோட்டார்ஹோம்தான்.

நாங்கள் போனது நவம்பர் கடைசியில். அங்கே அப்போது கோடை தொடங்குகிற நேரம், இங்கே மதுரையில் மழை. தெற்குத் தீவு மட்டும்தான். வடக்குத் தீவையும் சேர்த்து ஓடினால் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

கிறைஸ்ட்சர்ச் விமான நிலையத்தில் சாப்பாட்டுப் பொருள் விஷயத்தில் ரொம்பக் கறாராக இருக்கிறார்கள். கொண்டுபோனதை எல்லாம் படிவத்தில் எழுதிக் காட்டிவிட வேண்டும். காட்டாமல் மாட்டினால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். அத்தை பருப்புப் பொடி, புளி, மிளகாய்த்தூள் எல்லாம் கடை பாக்கெட்டாகவே வைத்திருந்ததால் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். பச்சைக் கறிவேப்பிலையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். செருப்பு, ஷூவில் மண் ஒட்டியிருக்கிறதா என்றுகூடப் பார்க்கிறார்கள். "வயக்காட்டுல நடந்தீங்களா?" என்று சோதனை செய்த அம்மா கேட்டதற்கு மாமா மேலூர் பக்கத்து வயலெல்லாம் விளக்கத் தொடங்கிவிட்டார், நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன்.

வண்டியை நான்தான் அதிகம் ஓட்டினேன். நம்மைப் போல இடதுபக்கம்தான், நம் லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருப்பதால் பிரச்சினை இல்லை. நத்தம் ரோட்டில் மாடு, ஷேர் ஆட்டோ, எதிர்த்திசையில் வரும் பைக் எல்லாவற்றுக்கும் நடுவே ஓட்டிப் பழகியவர்களுக்கு அங்கே சாலையில் பயமே கிடையாது, தூக்கம்தான் பயம். ஊருக்கு வெளியே 100 கிலோமீட்டர் வேகம் போகலாம், 3,500 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டிக்கு 90. பின்னால் நாலு கார் சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிட வேண்டும், அதற்கென்றே ஓரத்தில் இடம் விட்டிருக்கிறார்கள். யாரும் ஹாரன் அடிப்பதில்லை, அதனால் பின்னால் ஆள் இருப்பதே தெரியாது, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒற்றை வழிப் பாலங்கள் நிறைய. நம் பக்கத்து அம்பு சின்னதாகச் சிவப்பில் இருந்தால் நாம் நிற்க வேண்டும், பெரிய வெள்ளை அம்பாக இருந்தால் எதிரில் வருகிறவர் நிற்பார். நிஜமாகவே நிற்கிறார்கள்.

சரி, தண்ணீர்.

வண்டியின் வயிற்றில் இரண்டு டேங்க். ஒன்று நல்ல தண்ணீர், இன்னொன்று குளித்த, பாத்திரம் கழுவிய அழுக்குத் தண்ணீர். இது போக கழிப்பறைக்குக் கீழே கேசட் என்று ஒரு பெட்டி. அங்கே ரோட்டோரமோ ஏரிக்கரையோ இலவசமாகத் தங்க அனுமதி உள்ள பல இடங்களில், 'செல்ஃப் கன்டெய்ண்டு', அதாவது தண்ணீரையும் கழிவையும் தன்னிடமே வைத்துக்கொள்ளும் வண்டி என்று சான்று பெற்ற வண்டிக்குத்தான் இடம். 2023-ல் சட்டத்தை மாற்றி, வண்டியோடு பொருத்திய கழிப்பறை இருந்தால்தான் அந்தச் சான்று என்று இறுக்கிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வீதம் மூன்று நாளைக்காவது தண்ணீர் இருக்க வேண்டும் என்பது குறைந்தபட்ச விதி. மூன்று நாளைக்கு ஆளுக்கு 12 லிட்டர்! நம் கணக்கில் ஒரு குடம்கூட இல்லை. நல்லவேளை, எங்கள் வண்டியில் அதைவிடத் தாராளமாகவே இருந்தது.

பக்கத்தில் வண்டி நிறுத்தியிருந்த ஐரோப்பியக் குடும்பம் ஒன்று இரண்டாம் நாளே டேங்க் காலி என்று அலைந்துகொண்டிருந்தது. எங்கள் அத்தை ஒரு சொம்பு, ஒரு வாளி, அவ்வளவுதான். அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரத்துக்கு முதல் அலசு, அப்புறம் ஒரு கை நல்ல தண்ணீர். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்கிற பழக்கமே கிடையாது. கார்ப்பரேஷன் தண்ணீர் வருகிற நாளில் அதிகாலையில் மோட்டார் போட்டு, மிச்ச நாளெல்லாம் அதை வைத்து ஓட்டுகிற ஊரில் அறுபது வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கு இந்த வண்டி ஒரு பொருட்டே இல்லை. மோட்டார்ஹோம் கம்பெனிக்காரர்கள் மதுரைப் பெண்களுக்குத் தனித் தள்ளுபடி தரலாம்.

அடுத்தது அந்தக் கேசட். வண்டிக்கு வெளியே சின்னக் கதவைத் திறந்து இழுத்தால் சக்கரம் வைத்த பெட்டி மாதிரி வரும். கழிவைக் கொட்டுவதற்கென்றே டம்ப் ஸ்டேஷன் என்று ஊருக்கு ஊர் இருக்கிறது, அதுவரை உருட்டிக்கொண்டு போய், நீட்டுக் குழாயைத் திருப்பி, காற்றுப் பொத்தானை அழுத்திக்கொண்டே மெதுவாகச் சாய்க்க வேண்டும். பொத்தானை அழுத்தாவிட்டால் குபுக் குபுக்கென்று தெறிக்கும். காலியானதும் அங்கே உள்ள குழாயில் அலசி, மருந்துப் பாக்கெட் ஒன்றைப் போட்டு மறுபடி சொருக வேண்டும். ஒழுங்காகச் செய்தால் நாற்றம் இல்லை, கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

வீட்டுக்காரர் முதல் தடவை கையுறை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது அத்தைக்கு முகம் சுண்டிவிட்டது. "உனக்கென்னடா தலையெழுத்து? காசு குடுத்தா ஆள் வராதா?" என்றார். ஆள் வர மாட்டார். வரிசையில் எங்களுக்கு முன்னால் பெரிய வாட்ச் கட்டிய வெள்ளைக்காரர், அவருக்கு முன்னால் காதில் கம்மல் போட்ட காலேஜ் பையன், எல்லோரும் அவரவர் பெட்டியை அவரவரே உருட்டிக்கொண்டு கதை பேசிக்கொண்டு நின்றார்கள். நம் ஊரில் இதற்கு ஆள் வைப்பதைத் தடுக்க 2013-ல் ஒரு சட்டமே போட்டும், செப்டிக் டேங்க் நிறைந்தால் இன்றைக்கும் யாரைக் கூப்பிடுகிறோம் என்று நமக்குத் தெரியும். கேசட் தூக்குகிற வேலையை முறை வைத்துக்கொண்டோம், மகனுக்கும் ஒரு முறை. அத்தை அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முறை முடித்து வருகிறவருக்கு வெந்நீர் எடுத்து வைப்பார்.

இனி ஊர் சுற்றல். டெகாபோ ஏரியின் நீலத்தைப் போட்டோவில் பார்த்தபோது கம்ப்யூட்டர் வேலை என்று நினைத்திருந்தேன். இல்லை. பனியாறு பாறையை மாவாக அரைத்து ஏரியில் கொண்டுவந்து விடுகிறது, அந்த மாவு கரையாமல் மிதந்து வெளிச்சத்தைச் சிதறடிப்பதால்தான் அந்த நிறம். கரையெல்லாம் ஊதாவும் ரோஜா நிறமுமாக லூபின் பூ, எல்லோரும் அதற்குள் நின்று போட்டோ எடுக்கிறார்கள், ஆனால் இயற்கைப் பாதுகாப்புத் துறைக்காரர்களுக்கு அது களை. நம் ஊர் சீமைக்கருவேலம் இவ்வளவு அழகாகப் பூத்திருந்தால் வெட்ட மனசு வந்திருக்குமா என்று தெரியவில்லை.

மாமா பூவையும் பார்க்கவில்லை, ராத்திரி நட்சத்திரத்தையும் பெரிதாகப் பார்க்கவில்லை. (2012-ல் அந்த வட்டாரத்தையே இருள் வானக் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள், தெருவிளக்குகூடக் கீழ்நோக்கித்தான். நவம்பரில் ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறைகிறது, நட்சத்திரம் வரும்போது வயசானவர்கள் குறட்டையில் இருக்கிறார்கள்.) அவர் பார்த்தது வாய்க்கால். டெகாபோ ஏரித் தண்ணீரை 26 கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டி, புகாகி ஏரிக்கரையில் உள்ள மின் நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கிருந்து இன்னொரு வாய்க்கால், அப்புறம் இன்னொன்று. ட்வைசல் ஊர் பக்கத்தில் ரோடே அதைத் தாண்டித்தான் போகிறது. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி இறங்கினார். தளும்பத் தளும்ப, ஒரு பிளாஸ்டிக் பை மிதக்காமல், கரையில் ஒரு ஆகாயத்தாமரை இல்லாமல் ஓடுகிற அந்த நீலத் தண்ணீரை ரொம்ப நேரம் பார்த்தார். அதில் சால்மன் மீன்வேறு வளர்க்கிறார்கள். "மடை எங்கம்மா? பாசனத்துக்கு மடையே காணோமே" என்றார் என்னிடம். இது கரண்ட்டுக்கு மாமா என்றேன். ட்வைசல் என்கிற ஊரே இந்த வேலைக்காக 1968-ல் போட்ட கேம்ப்தான், வேலை முடிந்ததும் பிரித்துவிடுவதாக இருந்தது, குடியிருந்தவர்கள் போராடி நிறுத்திக்கொண்டார்கள். பெரியகுளம் பக்கம் காலி செய்த குவார்ட்டர்ஸ் எல்லாம் ஞாபகம் வந்து மாமா கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டார்.

ஔராகி மலை, அதாவது மவுண்ட் குக், 3,724 மீட்டர். அடிவாரத்தில் அரசு முகாம், எதிரே மலை, வேறொன்றும் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு அங்கே நடந்ததில் எனக்கு ஞாபகம் இருப்பது ரசம்தான். கடுகும் மிளகாயும் தாளித்த புகையில் வண்டியின் அலாரம் கூவத் தொடங்கிவிட்டது, அது நிற்பதாயில்லை. மகன் தட்டால் விசிற, நான் கூரைச் சன்னலைத் திறக்க, பக்கத்து வண்டிக்காரர் ஓடிவந்து எட்டிப் பார்த்து, மூக்கை உறிஞ்சிவிட்டு, "இது என்ன?" என்றார். ஒரு டம்ளர் கொடுத்தோம். இருமிக்கொண்டே குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார். அதிலிருந்து தாளிப்பு மட்டும் கதவைத் திறந்துவைத்துத்தான்.

லிண்டிஸ் கணவாய் தாண்டிக் க்ரோம்வெல் பக்கம் இறங்கியதும் நிலம் மொட்டையாகிவிட்டது. பழுப்புப் புல், கரடு, வெயில். ஆண்டிப்பட்டிக் கணவாய் மாதிரி இருக்கிறது என்று அத்தையே சொன்னார். இந்த உள்பகுதியில் சில இடங்களில் வருஷத்துக்கு 400 மில்லிமீட்டர் மழைகூடக் கிடையாது, மதுரையில் பாதிகூட இல்லை. அங்கிருந்து மேற்கே ஒரு மலைத்தொடர் தாண்டினால், மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்திருக்கிற மில்ஃபோர்ட் சவுண்ட், அங்கே 6,000 மில்லிமீட்டருக்கு மேல். கடல் காற்று கொண்டுவரும் மேகமெல்லாம் மேற்குச் சரிவிலேயே இறங்கிவிடுகிறது, கிழக்கே வரும்போது வெறுங்கை. குமுளியில் குடை, கம்பத்தில் வெயில் என்று வளர்ந்த நமக்கு இதை யாரும் படம் போட்டு விளக்க வேண்டாம்.

டி ஆனா என்கிற ஊரிலிருந்து மில்ஃபோர்ட் 118 கிலோமீட்டர். டீசலை டி ஆனாவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். நடுவில் ஹோமர் சுரங்கம், 1935-ல் தொடங்கி 1954-ல்தான் வண்டிகளுக்குத் திறந்தார்கள், உள்ளே கரடுமுரடான பாறைச் சுவர், இறக்கமாகவே போகிறது. வாசலில் சிக்னலுக்கு நின்றபோது கீயா என்கிற மலைக்கிளி ஒன்று வந்து கண்ணாடி ரப்பரைக் கொத்திப் பிய்த்தது. அழகர்கோவில் குரங்குகளைப் பார்த்தவர்களுக்கு அதன் முகபாவம் புரியும். மில்ஃபோர்டில் மழை பெய்தால் வருத்தப்படாதீர்கள். வெயில் நாளில் இரண்டு பெரிய அருவிதான், மழையில் மலை முழுக்க அருவி. படகில் எல்லோரும் நனைந்தோம். மணல் ஈ கடித்த தடிப்புதான் ஊர் வந்தும் ஆறவில்லை, மருந்து வாங்கிப் பூசிக்கொண்டே இறங்குங்கள்.

திரும்பும் வழியில் மானபோரி ஏரிக்கரையில் தங்கினோம், அங்கேதான் மாமாவுக்குத் தூக்கம் போனது. அந்த ஏரியின் தண்ணீரை மலைக்கு அடியில் உள்ள மின் நிலையத்தில் விழவைத்து, 10 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக மேற்கே டவுட்ஃபுல் சவுண்டில் விடுகிறார்கள். அது கடல். "கடல்ல விடுறதுக்கா டனல் வெட்டினாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மேற்கே போய் வீணாகிற தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி 1895-ல் பென்னிகுவிக் முல்லைப் பெரியாறு அணையை முடித்தார் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊர்க்காரருக்கு இது ஜீரணமாகவில்லை. அந்தக் கரண்ட் பெரும்பாலும் தெற்குக் கோடியில் உள்ள ஓர் அலுமினிய ஆலைக்கு.

இன்னொன்றையும் மகன் போனில் படித்துச் சொன்னான். ஏரி மட்டத்தை உயர்த்தும் திட்டத்தை எதிர்த்து 1970-ல் 2,64,907 பேர் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்களாம், கடைசியில் மட்டத்தை உயர்த்தவே இல்லை. அந்தப் பெரியாறு அணையில் 142 அடி தேக்குவதற்காக 2014-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை தினமும் பேப்பரில் அணை மட்டம் பார்த்தவர் மாமா. "ஏத்தக் கூடாதுன்னா போராடினாங்க?" என்றார். அப்புறம் காலையில் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்து, கரையோரக் காட்டையும் மணலையும் காட்டி, "இதெல்லாம் முங்கியிருக்கும், அதான்" என்று அவரே சமாதானம் சொன்னார். ஆனால் சுரங்கத்தை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஹாஸ்ட் கணவாய், மேற்குக் கடற்கரை எல்லாம் மழையிலேயே போயிற்று. ஃபிரான்ஸ் ஜோசப் பனியாறு பின்வாங்கிவிட்டதால் முன்போல நடந்து போய் ஏற முடியாது, ஹெலிகாப்டர்தான், விலையைப் பார்த்துவிட்டுத் தூரத்திலிருந்தே கும்பிட்டோம். கிளம்பும்போதெல்லாம் இழுப்பறைகளைப் பூட்டிவிட்டீர்களா, கேஸ் மூடியாயிற்றா, கரண்ட் வயரைக் கழற்றியாயிற்றா என்று பாருங்கள். முதல் வளைவிலேயே இழுப்பறை திறந்து கரண்டி எல்லாம் பறக்கும்.

வண்டியை ஒப்படைக்கும்போது வாடகை போக இன்னொரு பில் வரும். அங்கே டீசல் வண்டிக்குச் சாலை வரியை ஓடின கிலோமீட்டருக்குத்தான் வாங்குகிறார்கள், அரசு ஆயிரம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வைத்திருக்கிறது, வாடகைக்காரர் மீட்டரைப் பார்த்து நம்மிடம் வசூலிப்பார். கையில் கொஞ்சம் டாலர் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். மாமா அந்த பில்லை மட்டும் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கப்பலூர் சுங்கச்சாவடியில் காட்டிச் சண்டை போடப் போகிறாராம்.